பணம் ஆளுக்கல்ல, இடத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஜூலை மாதம் வந்தால் அமெரிக்க பேஸ்பாலில் டிராஃப்ட். பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களை 30 அணிகளும் முறை வைத்து எடுக்கும். இப்போது 20 சுற்று. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே சுத்தியலும் கிடையாது, விலை ஏற்றிக் கேட்பதும் கிடையாது. ஒரு பையனை ஓர் அணி எடுத்துவிட்டால், அவன் அந்த அணியோடு மட்டும்தான் பேரம் பேச முடியும். அந்தப் பேரம் முழுக்கக் கையெழுத்து போனஸைப் பற்றியது, அதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காகத் தரும் பணம்.

முதல் பத்து சுற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு விலை வைத்திருக்கிறது. 2025இல் முதல் இடத்துக்கு ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் டாலர். இறங்க இறங்கக் குறையும். ஓர் அணியின் கையில் இருக்கும் இடங்களின் விலையை எல்லாம் கூட்டினால் வருவதுதான் அந்த ஆண்டுக்கான போனஸ் தொகை. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது அணியின் இஷ்டம். 2011 வரை இந்தக் கட்டு இல்லை. அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 1 கோடியே 70 லட்சம் டாலரைக் கொட்டியது. இரண்டாம் சுற்றில் எடுத்த ஜோஷ் பெல் ஒருவருக்கே 50 லட்சம். அடுத்த ஆண்டே மூடி போட்டுவிட்டார்கள்.

மூடியைத் தாண்டினால்? 5 சதவீதம் வரை தாண்டினால் வரி மட்டும்: தாண்டிய தொகையில் 75 சதவீதம். அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று இடம் பறிபோகும். வரி கட்டப் பல அணிகள் தயார். இடத்தை இழக்க இதுவரை ஓர் அணிகூடத் துணியவில்லை.

இன்னொரு விதிதான் முக்கியம். முதல் பத்து சுற்றில் எடுத்த பையன் கையெழுத்துப் போடவில்லை என்றால், அவன் இடத்துக்கான பணம் மொத்தத் தொகையிலிருந்து அப்படியே கழிந்துவிடும். அதை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. பணம் ஆளுக்கல்ல, இடத்துக்கு. இடம் காலியானால் பணமும் காலி.

இதை முதலில் சரியாகப் படித்தது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2012இல் முதல் இடம் அவர்களுடையது. விலை 72 லட்சம். எல்லாரும் எதிர்பார்த்தது கல்லூரி பிட்சர், அதாவது பந்து வீசுபவர், மார்க் அப்பெல். ஆஸ்ட்ரோஸ் எடுத்ததோ பள்ளிப் பையன் கார்லோஸ் கொரேயாவை, 48 லட்சத்துக்கு. மிச்சம் 24 லட்சம். அந்த மிச்சம் எங்கே போனது? 41ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸ்: இடத்தின் விலை 12.6 லட்சம், கொடுத்தது 25 லட்சம். நான்காம் சுற்றில் ரியோ ரூயிஸ்: விலை 3.6 லட்சம், கொடுத்தது 18.5 லட்சம். முதல் சுற்றுத் தகுதி உள்ள பையன் 41 வரை ஏன் காத்திருந்தான் என்று கேட்பீர்கள். அவன் கேட்ட தொகை மற்ற அணிகளின் கையில் இல்லை. அதனால்தான் டிராஃப்டுக்கு முன்பே ஏஜென்டுகளிடம் “இவ்வளவு தந்தால் கையெழுத்துப் போடுவானா?” என்று கேட்டு வைப்பார்கள். இதிலும் ஆபத்து உண்டு. மிச்சம் பிடித்து வைத்த பிறகு, குறிவைத்த பையனை வேறு அணி கொத்திக்கொண்டு போனால், பெரிய திறமையை விட்டதுதான் மிச்சம்.

இதே ஆஸ்ட்ரோஸ் 2014இல் மாட்டிக்கொண்டது. முதல் இடத்தில் இடக்கை பிட்சர் பிரேடி எய்க்கன். இடத்தின் விலை 79 லட்சம், பேசியது 65 லட்சம். அந்த மிச்சத்தை நம்பி ஐந்தாம் சுற்று ஜேக்கப் நிக்ஸுக்கு 15 லட்சம் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் மருத்துவப் பரிசோதனை. எய்க்கனின் முழங்கைத் தசைநார் பற்றிச் சந்தேகம். தொகையை 31.7 லட்சத்துக்கு இறக்கினார்கள். ஏன் அந்த எண்? இடத்தின் விலையில் 40 சதவீதம் கொடுக்க முன்வந்தால்தான், பையன் போடாவிட்டால் அடுத்த ஆண்டு மாற்று இடம் கிடைக்கும். கடைசி நிமிடத்தில் 50 லட்சம் வரை ஏறினார்கள். பையன் போடவில்லை. 79 லட்சமும் கழிந்தது.

இப்போது நிக்ஸைப் பாருங்கள். அவர் கையில் குறையே இல்லை. ஆனால் அவருக்கு 15 லட்சம் கொடுத்தால் அணி 5 சதவீதக் கோட்டைத் தாண்டிவிடும். பேச்சு முறிந்தது, வீரர்கள் சங்கம் தலையிட்டு, பிறகு சமரசம் ஆனது. மறுபடியும் சொல்கிறேன்: பணம் ஆளுக்கல்ல, இடத்துக்கு. எய்க்கனுக்கு அடுத்த ஆண்டு முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. மாற்றாகக் கிடைத்த 2015இன் இரண்டாம் இடத்தில் ஆஸ்ட்ரோஸ் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை. அவரும் கொரேயாவும் மெக்கல்லர்ஸும் ஆடிய அணிதான் 2017இல் உலகத் தொடரை வென்றது.

எதிரணியினர் தங்கள் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடிய கறை அந்த வெற்றியில் உண்டு, அது தனிக்கதை. தண்டனையை மட்டும் கவனியுங்கள். 50 லட்சம் அபராதம் அவர்களுக்குக் கைச்செலவு. 2020, 2021 இரண்டு ஆண்டிலும் முதல் இரண்டு சுற்று இடங்களைப் பறித்ததுதான் வலித்தது. இடத்தோடு அதன் போனஸ் பணமும் போய்விட்டதே.

பெரிய பெயர்களை விடுங்கள், ஆறிலிருந்து பத்தாம் சுற்று வரை பாருங்கள். கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் சிலர் 10,000 டாலருக்கு, அதற்கும் கீழே போடுவார்கள். பள்ளிப் பையன் “கல்லூரிக்குப் போகிறேன்” என்று மிரட்டலாம். இவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. ஒவ்வொருவரிடமும் மிஞ்சும் லட்சங்கள் மேலே போகும். நியாயமா என்றால், இல்லை என்பதே என் கருத்து. விதி அப்படி இருக்கிறது. பதினோராம் சுற்றிலிருந்து கணக்கு வேறு: 1.5 லட்சம் வரை கொடுப்பது மொத்தத் தொகையில் சேராது, போடாவிட்டால் கழிவும் இல்லை. அதனால் அங்கே அதிகம் கேட்கும் பையனை எடுத்து வைப்பார்கள். மேல் சுற்றில் யாராவது கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பணம் இவனுக்கு வராது, அதுதான் கழிந்துவிடுமே! மேலே எல்லாரும் போட்டு மிச்சம் இருந்தால்தான் அவனுக்கு யோகம்.

எடுத்த பையன்கள் முதலில் ஆடிப் பழகும் கீழ்நிலை அணிகளான மைனர் லீக் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடியப்போகிறது. இரண்டு விஷயம் மட்டும். உள்நாட்டு மைனர் பட்டியலில் ஓர் அணி 165 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். புதிதாக 20 பேர் வந்தால் பழையவர்கள் வெளியேற வேண்டும். 18 வயதிலோ அதற்கு முன்போ கையெழுத்துப் போட்டவனை ஐந்து சீசனுக்குள், 19 வயதிலோ அதற்குப் பிறகோ போட்டவனை நான்கு சீசனுக்குள், மேஜர் லீக் எனும் மேல்நிலை அணிக்கான 40 பேர் பட்டியலில் ஏற்றாவிட்டால், டிசம்பரில் வேறோர் அணி 1 லட்சம் டாலருக்கு அவனை எடுத்துப்போகலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுக்க அவனை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால், பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா என்று பழைய அணியிடம் கேட்க வேண்டும். நவம்பரில் இளம் வீரர்கள் திடீரென்று கைமாறுவது பெரும்பாலும் இந்தக் கெடுவால்தான்.

நன்றி, வணக்கம்.