லீவரை இழுத்தும் ஃபிலிம் நகரக் கூடாது

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, என்னிடம் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா இருக்கிறது. டபுள் எக்ஸ்போஷருக்கு அதில் தனி பட்டன் இல்லை. ஒரே ஃபிரேமில் இரண்டு படம் எடுக்க முடியுமா?" நாலு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை, காரணம் எங்கள் அப்பாவின் பழைய கேமரா, அதை அப்புறம் சொல்கிறேன்.

முடியும் தம்பி. லீவரை இழுத்தால் இரண்டு வேலை நடக்கிறது: ஃபிலிம் ஒரு ஃபிரேம் நகரும், ஷட்டர் அடுத்த படத்துக்குத் தயாராகும். நமக்கு இரண்டாவது மட்டும் போதும். முதல் படத்துக்கு முன்பே இடது பக்க ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பி ஃபிலிமின் தொய்வை எடுத்துவிடுங்கள். படம் எடுத்ததும் குமிழை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கிற ரீவைண்ட் பட்டனை அமுக்கி, லீவரை முழுசாக இழுங்கள். ஃபிலிம் ஒரு மயிரிழை நகரத்தான் செய்யும், அதற்குக் கவலைப்படாதீர்கள். இரண்டாவது படம் முடிந்ததும் லென்ஸை மூடி ஒரு ஃபிரேமை வெறுமனே தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படம் இதன்மேல் ஏறிக்கொள்ளும்.

வெளிச்சக் கணக்கா? ஒரே ஃபிரேமில் இரண்டு தடவை வெளிச்சம் விழுகிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் பாதி போதும். ISO 200 ஃபிலிம் போட்டிருந்தால் கேமராவின் ISO டயலை 400-இல் வையுங்கள், இரண்டு படத்துக்கும். பின்னணி நல்ல இருட்டாக இருந்தால் அதுகூட வேண்டாம்.

சரி, தம்பி எப்படி எடுப்பது என்று கேட்டார், எதன்மேல் எதை எடுப்பது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள், மறுபடியும் அதே பஸ் கதைதான். பௌர்ணமி அன்றைக்கு வேலூரிலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்குச் சீட்டு துண்டு கிடக்கும் இல்லையா? ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடம் துண்டு போட்ட சீட்டு. இருட்டு மட்டும்தான் காலி. நம்ம ஊர் மத்தியான வானத்தை முதலில் எடுத்துவிட்டு அதன்மேல் எதை எடுத்தாலும் தெரியாது. சாயங்காலம் வேலூர்க் கோட்டை அகழியோரம் ஒருவரை நிற்கவைத்து, வானத்தை எதிரே வைத்துக் கருப்பு உருவமாக எடுங்கள். அப்புறம் உள்ளே போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூணை எடுங்கள். யாளி அவர் உடம்புக்குள்தான் வந்து உட்காரும்.

அப்பாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. 120 என்கிற அகலமான ஃபிலிம் ரோல், ஒரு ரோலுக்கு 12 படம். ஃபிலிமைச் சுற்றாமலே எத்தனை தடவை வேண்டுமானாலும் ஷட்டரைத் தட்டலாம், தடுக்க எதுவும் கிடையாது. அத்தையை அந்த மண்டபத்தில் நிற்கவைத்து எடுத்தார், சுற்ற மறந்தார், வெளியே வந்து அகழியை எடுத்தார். கழுவி வந்தபோது ஸ்டூடியோக்காரர் "ஒண்ணு வேஸ்ட்" என்றாராம். பார்த்தால் அத்தையின் முகம் அப்படியே இருக்கிறது, அரக்குப் பட்டுப்புடவை முழுக்க அகழித் தண்ணீர் மினுமினுக்கிறது! இந்த வீடியோவில் காட்டலாம் என்று போன வாரம் போய்க் கேட்டேன். பிரிண்டை வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டாராம் அத்தை.