நீலகிரிப் புல்வெளியில் மரம் நடாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழகாக வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அதிகாரிகளே, படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐயா ஆயிரக்கணக்கில் மரம் நட்டவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இன்று அவரோடு ஒரு விஷயத்தில் முரண்படப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். மலை உச்சிப் பள்ளங்களில் இருக்கும் சதுப்பில் நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேலே பார்த்தால் பச்சைப் புல், கால் வைத்தால் முழங்கால் வரை கறுப்புச் சேறு. தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாததால் செடிகொடிகள் முழுக்க மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த சேறு அது. கீழே போகப் போகக் காலம் பின்னால் போகிறது.

இன்று மூன்று விஷயம் சொல்வதாக இருக்கிறேன். சேற்றுக்குள் மகரந்தம் எப்படித் தங்குகிறது, அதை வைத்துப் பழைய காட்டை எப்படி அறிகிறோம், வரப்போகும் பருவமழை பற்றி அது என்ன சொல்கிறது.

மகரந்த மணியின் மேலோட்டை அமிலத்தால்கூட எளிதில் கரைக்க முடியாது. அதனால்தான் சேற்றை அமிலத்தில் போட்டு மற்றதையெல்லாம் கரைத்துவிட்டு, மிஞ்சும் மணிகளை நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் சில நூறு மணிகளாவது எண்ண வேண்டும். புல்லின் மணி உருண்டையாக, ஒரே ஒரு துளையோடு இருக்கும். நாவல் குடும்பத்து மணிக்கு முக்கோண முகம். எந்த அடுக்கில் எது எத்தனை சதவீதம் என்று வரைபடம் போடும் முறையை ஸ்வீடன்காரர் லென்னார்ட் வான் போஸ்ட் 1916இல் ஒரு சொற்பொழிவில்தான் முன்வைத்தார். மேடைப் பேச்சுக்கும் பலன் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வீடு கட்டியவர் பீர்பல் சாஹ்னி. தொல்தாவரங்களை ஆராய்வதற்கென்றே லக்னோவில் 1946இல் நிறுவனம் தொடங்கினார். 1949 ஏப்ரல் 3 அன்று பிரதமர் நேரு வந்து கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லிலேயே புதைபடிவங்களைப் பதித்து வைத்திருந்தார் சாஹ்னி, எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும் பாருங்கள்! ஒரே வாரம்தான். ஏப்ரல் 10ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். நின்றதா வேலை? அவர் மனைவி சாவித்திரி சாஹ்னி பொறுப்பை ஏற்று நடத்தினார், 1953 ஜனவரியில் அதே நேரு வந்து கட்டடத்தைத் திறந்து வைத்தார். தாய்மார்களே, இந்தக் கைதட்டல் அந்த அம்மாவுக்கு.

சரி, நம் மலைக்கு வருவோம். இங்கே புல்வெளி இருப்பதே மனிதன் சோலைக் காட்டை வெட்டி எரித்ததால்தான், ஆகவே மரம் நட்டால் காடு திரும்பிவிடும் என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு. எருமை மேய்த்த தோடர்கள்மேல் பழி வேறு. சேறு அப்படிச் சொல்லவில்லை. புல் மகரந்தம் ஆழத்து அடுக்குகளிலும் இருக்கிறது. ஆனால் அது எந்தவகைப் புல் என்று மகரந்தத்தை வைத்துப் பிரிப்பது கடினம், அங்கே சேற்றில் இருக்கும் கார்பன் கைகொடுக்கிறது. புல்வகைக்கு ஏற்ப கனமான கார்பனும் லேசான கார்பனும் கலந்திருக்கும் விகிதம் மாறும். சூழலியலாளர் ஆர். சுகுமாரும் மற்றவர்களும் இதே நீலகிரிச் சேற்றின் கார்பனை அளந்து, 20,000 ஆண்டுப் பருவமழை வரலாற்றை 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகத்தில் மழை குறைந்து, வறட்சி தாங்கும் புல் ஓங்கியிருந்தது, அப்புறம் மழை கூடியபோது நிலைமை மாறியது. மனிதன் கோடாரி தூக்குவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல்வெளி இருந்திருக்கிறது.

அந்தப் புல்வெளியில்தான் 19ஆம் நூற்றாண்டில் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தார்கள். ஆழம் தெரியாமல் விட்ட கால் அது. சீகை மகரந்தம் பெரும்பாலும் பதினாறு மணிகள் ஒட்டிய பந்தாக இருக்கும். நாளைக்கு யாராவது நம் காலத்துச் சேற்றைத் தோண்டினால் அந்தப் பந்து அகப்படும், நாம் செய்த வேலை தெரிந்துவிடும்.

வரப்போகும் பருவமழையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதிகாரிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த மரம் நடு விழாவுக்குக் குழி தோண்டும் முன் அந்த இடம் சோலையா புல்வெளியா என்று பாருங்கள், புல்வெளி என்றால் குழியை மூடிவிடுங்கள். சீகையைப் பிடுங்கும் வேலைக்கு வர நாங்கள் தயார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பொன்னாடை போர்த்திய ஐயா முதல் கையெழுத்தைப் போட்டால் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.