மலைக்கோட்டை மேல்குகையைப் பார்க்கும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் உச்சிப் பிள்ளையாரைக் கும்பிடப் படியேறுகிறவர்களில் பெரும்பாலோர், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலைத் தாண்டித்தான் போகிறார்கள். தாண்டியதே பலருக்குத் தெரிவதில்லை. நானூறுக்கு மேற்பட்ட படிகளில் தாயுமானவர் கோயிலைக் கடந்தபின் வரும் கடைசி ஏற்றத்தில், இடது கைப்பக்கம் இருக்கிறது இந்த மேல்குகை. மூச்சு வாங்கும் நேரத்தில் கண் மேலேயே இருக்கும், பக்கவாட்டில் திரும்பாது. கம்பிக்கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள், அங்குள்ள பணியாளர்களைக் கேளுங்கள். படம் எடுக்கலாமா என்பதையும் அடிவாரத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. வெறுங்காலோடு ஏற வேண்டும், வெயில் ஏறினால் பாறை சுடும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

குகை தெற்குப் பார்த்தது. உள்ளே நுழைந்ததும் வலது கைப்பக்கம், அதாவது கிழக்குச் சுவரில், கருவறை. இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள் நிற்கிறார்கள், உள்ளே இப்போது இலிங்கம் இல்லை. கருவறைக்கு நேர் எதிரே, இடது கைப்பக்கச் சுவரில் கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன். தூண்களையும் ஒரு பார்வை பாருங்கள். கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மறுபடி சதுரம். சதுரங்களில் தாமரைப் பதக்கம். இதுதான் மகேந்திரன் காலத் தூண். அவற்றில் அங்கங்கே அவனுடைய பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கோயிலுக்குக் கல்வெட்டு தரும் பெயரே லளிதாங்குர பல்லவேச்வர கிருகம். லளிதாங்குரன் என்பதும் அவன் பட்டப்பெயர்தான்.

முக்கியமான கல்வெட்டுகள் கங்காதரரின் இருபுறமும் உள்ள அரைத்தூண்களில் இருக்கின்றன. மொழி வடமொழி, எழுத்து பல்லவ கிரந்தம் (பல்லவர் வடமொழி எழுதிய எழுத்து), ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எழுத்து தேய்ந்திருக்கிறது. நேராக நின்று விளக்கடித்தால் ஒன்றும் தெரியாது. வெட்டிய பள்ளத்திலும் ஒளி விழுந்து நிழல் அழிந்துபோவதுதான் காரணம். அலைபேசியின் ஃபிளாஷிலும் இதே கோளாறு. கைவிளக்கைச் சுவரோடு சுவராகப் பக்கத்தில் பிடித்துச் சாய்வாக அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என எடுங்கள். படுக்கைக்கோடுகள் பக்கவாட்டு ஒளியில் மறைந்துவிடும், மேலிருந்து அடிக்கும்போதுதான் எழும். விளக்கின் இடத்தை மட்டும் மாற்றுங்கள், கேமராவை அசைக்காதீர்கள். அப்போதுதான் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

எந்தப் பருவம் நல்லது என்று கேட்டால், மார்கழி, தை. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு வாசலுக்குள் ஒளி அதிகம் வரும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் திருச்சிக்கு வடக்கே நிற்கிறது, குகை இருட்டாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியோ, மாவோ, விபூதியோ தேய்க்காதீர்கள். பள்ளத்தில் இறங்கிய பொடி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் இறுகிவிடும், பிறகு சுரண்டத்தான் வேண்டும். சுரண்டினால் எழுத்தும் போகும். ஈரத்தாள் ஒற்றி மைப்படி எடுப்பது தொல்லியல் துறையின் அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. நமக்கு அது தேவையும் இல்லை. கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 33, 34 ஆகிய எண்களில் வாசகமும் மொழிபெயர்ப்பும் அச்சாகியிருக்கின்றன. அந்தப் பக்கங்களின் படியைக் கையில் கொண்டுபோய், ‘குணபர’ (இதுவும் மகேந்திரனின் பட்டப்பெயர்), ‘காவிரி’ போன்ற தெரிந்த சொற்களைத் தேடுங்கள். ககரமும் ரகரமும் கீழே நீண்ட வாலோடு இருக்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

சுலோகங்கள் என்ன சொல்கின்றன? நதிகளை விரும்புகிறவர் சிவன். சோலைகளை மாலையாக அணிந்த காவிரியைக் கண்டு அவர் மனம் போய்விடுமோ என்று பார்வதிக்குப் பயம். அதனால் பிறந்த வீட்டை விட்டு வந்து, “இந்த நதி பல்லவனின் காதலி” என்று சொல்லிக்கொண்டு இந்த மலையிலேயே குடியிருக்கிறாளாம். இதைக் கங்காதரருக்கு முன் நின்று படிக்க வேண்டும். பார்வதி பயப்படுவதில் தவறில்லை என்பது போல, சிற்பத்தில் சிவன் சடைக்கற்றையைக் கையில் பிடித்திருக்க, சின்னஞ்சிறு உருவமாகக் கங்கை கும்பிட்டபடி இறங்குகிறாள். கங்கை கல்லில், காவிரி எழுத்தில். சிற்பியும் கவிஞரும் பேசிவைத்துச் செய்த வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு சுலோகத்தில் சிவன் கேட்கிறார்: தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் குணபரன் மேகம் தொடும் இந்த மலைக்கோயிலைக் கொடுத்தானாம். அழகுதான். ஆனால் சோழநாடு இப்போது பல்லவன் கையில் என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது.

சிக்கலான இடங்களும் உண்டு. மாற்று வழியிலிருந்து திரும்பிய ஞானம் இந்த இலிங்கத்தால் உலகில் பரவட்டும் என்கிறது ஒரு சுலோகம். மகேந்திரன் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்ததற்கு இதுவே சான்று என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சமணம் என்ற பெயரே கல்வெட்டில் இல்லை. அப்பர் வரலாற்றைப் பெரியபுராணம் சொல்லும்போது பல்லவ மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டியதாக வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஆய்வாளர்கள் செய்த ஊகம் அது. வலுவான ஊகம்தான், ஆனாலும் ஊகம். அதேபோல, உளியால் சத்தியசந்தனின் (சொல் தவறாதவனின்) உருவம் செய்யப்பட்டது என்று ஒரு வரி வருகிறது. அது அரசனின் உருவச்சிலையா, சிவனின் உருவமா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தமிழுக்கும் இங்கே இடம் உண்டு. பிற்காலத்தில் வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதி, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள், இந்தக் குகையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.

இறங்கிய பிறகு கால் ஒத்துழைத்தால், மலையின் தெற்கு அடிவாரத்தில் உள்ள கீழ்க்குகைக்கும் போங்கள். அது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பாணி. சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே இரண்டு கருவறைகள். பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரமன், சூரியன், கொற்றவை என ஐந்து உருவங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதாக இருந்தால் மேல்குகையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கு முன்னே ஏறி இறங்கிவிடலாம்.

வணக்கம்.