தண்ணியே வேண்டாத மரமா? என் பாட்டில் பிரஷ் கதை

வணக்கம் மக்களே! மேடவாக்கத்தில் நம்ம வீட்டு வாசலில்தான் நிற்கிறேன், பின்னாடி சிவப்பாகத் தொங்குகிறதே, அதுதான் பாட்டில் பிரஷ். கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன், பாருங்கள், இந்தச் சிவப்பு இதழ் கிடையாது, அத்தனையும் மகரந்தத் தாள்கள். காலையில் தேன்சிட்டு விடாமல் வரும்.

வாங்கின இடத்தில் “ஆஸ்திரேலியா மரம் சார், தண்ணியே வேண்டாம்” என்றார்கள். நம்பினேன். முதல் கன்று அக்னி நட்சத்திரத்தில் கருகிப்போனது. அப்புறம் தேடிப் படித்தால், இந்தத் தொங்கும் வகை குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கம் ஓடைக்கரையில் வளர்கிறதாம். ஓடைக்கரையில்! வேர் ஆழமாக இறங்கின பிறகுதான் வறட்சியைத் தாங்கும், அதுவரைக்கும் கைக்குழந்தை மாதிரிதான்.

இரண்டாவது கன்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் வைத்தேன். மழை நின்றதும், தினம் ஒரு சொம்பு ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு வாளி, மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினேன். மேலாக ஊற்றினால் வேரும் மேலேயே நின்றுவிடும். சுற்றிச் சருகு போட்டேன், தண்டில் ஒட்டாமல். இரண்டு கோடை இப்படி.

நடுவில் இலை மஞ்சளாச்சு. நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. நம்ம போர் தண்ணி உப்பு, மண்ணும் காரம், அதில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. யூரியா போட்டுப் பயனில்லை (போட்டுப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்). மக்கின உரமும் மொட்டைமாடி மழைத்தண்ணியும் கொடுத்ததில் புதுத் தளிர் பச்சையாக வந்தது.

பூ காய்ந்ததும் அதற்குச் சற்றுக் கீழே நறுக்குங்கள், கிளை அடர்த்தியாகும். ரொம்பக் கீழே, இலையே இல்லாத கட்டையில் கை வைக்க வேண்டாம்.

இதோ, தண்டைச் சுற்றி மிளகு ஒட்டினது போல இருக்கிறதே, இதெல்லாம் விதைக்காய். வருஷக்கணக்கில் மூடியே இருக்கும். கிளையை வெட்டிக் காகிதக் கவரில் போட்டால் காய்ந்து தானாகத் திறக்கும். விதை தூசி மாதிரி. ஃபேன் ஓடும்போது மட்டும் கவரைப் பிரிக்காதீர்கள், நான் பிரித்தேன்.