கதவுக் குடுமி

அவையோருக்கு வணக்கம். சீனர்களின் பழைய உடற்பயிற்சிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். இப்போது உட்கார்ந்தே கேளுங்கள். முடிக்கும்போது எழுந்து நிற்கச் சொல்வேன்.

சீனாவின் சாங்ஷா நகரில் மாவாங்துயி என்று ஓர் இடம். 1973-இல் அங்கே ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168-இல் மூடியது. உள்ளே நைந்துபோன பட்டுத் துணி ஒன்று. துண்டுகளை ஒட்டிப் பார்த்தால், உடற்பயிற்சி செய்யும் 44 மனித உருவங்கள்! ஆண்கள், பெண்கள், முதியவர்கள், இளையவர்கள். ஒருவர் கைகளை உயர்த்துகிறார். ஒருவர் கோலைப் பிடித்துக் குனிகிறார். ஓர் உருவத்தின் அருகே 'முழங்கால் வலி' என்றே எழுதியிருக்கிறது. என் மனத்தைத் தொட்டது அதுதான். துறவிக்கும் வீரனுக்கும் மட்டும் உரிய இரகசிய வித்தை அல்ல இது. முழங்கால் வலிக்கிறவர்களுக்காக வரைந்த படம்.

பிறகு ஹுவா துவோ வந்தார். கி.பி. 208 வாக்கில் மறைந்த வைத்தியர். தம் மாணவர் வூ பூவிடம் அவர் சொன்னது வரலாற்று நூலில் இருக்கிறது: உடம்புக்கு வேலை வேண்டும், ஆனால் அளவு மீறக்கூடாது, ஓயாமல் திரும்பும் கதவுக் குடுமி உளுத்துப்போவதில்லை. பழைய வீட்டுக் கதவில் கைவைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். புலி, மான், கரடி, குரங்கு, பறவை என ஐந்தின் அசைவுகளை அவர் 'விளையாட்டு' என்றே அழைத்தார். உடம்பு சரியில்லையா, ஒரு விலங்கின் ஆட்டத்தை ஆடு. வியர்வை அரும்பும், உடம்பு லேசாகும், பசிக்கும் என்றார். வூ பூ தொண்ணூறு வயது தாண்டியும் பல் விழாமல் இருந்தாராம்.

மெதுவான அசைவுகளால் ஆன சீனப் பயிற்சி தைச்சி. அதைப் பற்றி ஒன்று மட்டும். 2012-இல் அமெரிக்காவில் 195 பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஆய்வு செய்தார்கள். ஆறு மாதம், வாரம் இரண்டு முறை. தைச்சி செய்தவர்களின் உடல் சமநிலை கூடியது. வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். நோய் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். விழாமல் நடப்பதே வயதானவர்களுக்கு எவ்வளவு பெரிய வரம்!

இப்போது எழுந்திருங்கள். பாதுவான்ஜின் என்னும் சீனப் பயிற்சியின் எட்டு அசைவுகளில் கடைசி அசைவு இது. தடுமாற்றம் உள்ளவர்கள் முன்னால் இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டே குதிகாலை உயர்த்துங்கள். சற்று நில்லுங்கள். மூச்சை விட்டு, மெல்லத் தரையில் இறக்குங்கள். அவசரமில்லை. இன்னும் ஆறு முறை.