காட்டைக் காட்டுவது ஃபோர்வீலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மலேசியாவின் கேமரன் மலை விடுமுறையில் காட்டைக் காண உகந்தது நடையா, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீல் வண்டியா? நான் ஃபோர்வீல் அணி.

எதிரணி அம்மா என்ன சொன்னார்? "ஏறும்போது முன்சீட்டுக்காரர் முதுகைப் பார்ப்பீர்கள், இறங்கும்போது உங்கள் முதுகைத் தேடுவீர்கள்!" நீங்களும் கை தட்டினீர்கள். சரி, அந்த முதுகைப் பற்றியே பேசுவோம்.

முதுகு போவது காட்டாலா? இல்லை அம்மா, உட்கார்ந்த இடத்தால்! பின் அச்சுக்கு மேலே பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகில் இறங்கும், குமட்டும். இரண்டு அச்சுக்கும் நடுவில், முன்னோக்கிய இருக்கை, பெல்ட்டோடு. பணம் கட்டுமுன் கேளுங்கள்! அடுத்தது டயர். தார் ரோட்டில் சுமார் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். அதே காற்றோடு கல் பாதையில் ஏறினால் டயர் துள்ளும், நீங்களும் துள்ளுவீர்கள். விவரமான ஓட்டுநர் பாதை தொடங்கும் இடத்திலேயே 20 அளவுக்கு இறக்குவார். டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். திரும்பும்போது காற்றேற்றிய பிறகுதான் தார் ரோடு. இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கெடும். வண்டியில் பம்ப் இருக்கிறதா? அதையும் கேளுங்கள்!

"சேற்றில் மாட்டினால்?" என்றாரே! மழை பெய்த மறுநாள். செம்மண் சரிவு. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. புது ஓட்டுநர் என்ன செய்வார்? மிதிப்பார். குழி ஆழமாகும். இன்னும் மிதிப்பார். அச்சே சேற்றில் உட்காரும். மறுபடியும் மிதிப்பார்! அனுபவசாலியோ காலை எடுத்துவிட்டு இறங்குவார். சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி, பலகை செருகி, லோ கியரில் மெல்ல நகர்த்துவார். அப்போதும் ஏறவில்லையா? இழுவைப் பட்டையைச் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டக் கொக்கியில் மாட்டுவார். பம்பரில் மாட்டவே மாட்டார், பிய்ந்து பறந்தால் ஆளைக் கொல்லும். நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

நடையே வேண்டாம் என்றா சொல்கிறேன்? ராஃப்லேசியா என்ற ராட்சதப் பூவைப் பார்க்க, வண்டி நின்ற இடத்திலிருந்து நடக்கத்தான் வேண்டும். மலர்ந்து ஒரு வாரத்துக்குள் அழுகும் பூ. பூத்திருக்கிறதா என்று விசாரித்தபின் கிளம்புங்கள்.

ஆனால் நடுவர் அவர்களே, முழங்கால் தேய்ந்த நம் அம்மாக்களை என்ன செய்வது? சரிவிலே கொழுந்துக் கூடை சுமந்து தேய்ந்த கால் அது! அந்தத் தேயிலைக்கு மேலே, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், பிரிஞ்சாங் மலை உச்சியருகே பாசி போர்த்திய காடு இருக்கிறது. நடந்து வா என்பீர்களா? முதுகு நோய் இருந்தால் நானும் ஏற்றமாட்டேன். முழங்கால்தான் நோவென்றால் முன்சீட்டைக் கொடுங்கள்! மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், மரநடைபாதை வரை கொண்டுபோய் இறக்குங்கள். அங்கே நாலடி வைத்தாலும் அது அவர்கள் காடு! அந்த அம்மாக்களுக்காகத் தீர்ப்புக் கேட்கிறேன் ஐயா. வணக்கம்.