நம்பர் பிளேட் இல்லாத மஞ்சள் கார்

பட்டிமன்றத் தலைப்பு: உள்நாட்டு பயங்கரவாதத்தை எதிர்கொள்ளத் தேவை சிறப்புச் சட்டமா, சாதாரணச் சட்டமா? சாதாரணச் சட்டமே போதும் என்ற அணியின் உரை.

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் இப்போதுதான் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்: "குண்டு வைக்கிறவனைப் பிடிக்கப் போலீஸின் கையைக் கட்டிப்போடாதீர்கள்." சரி. கை கட்டப்பட்ட போலீஸ் என்ன செய்தது என்று பார்ப்போம்.

1995 ஏப்ரல் 19, காலை 9:02. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஒரு மத்திய அரசுக் கட்டடத்தின் முன்னால் வாடகை லாரி ஒன்று வெடித்தது. 168 பேர் செத்தார்கள். அதில் 19 பேர் குழந்தைகள். இரண்டாம் மாடியில் குழந்தைகள் காப்பகம் இருந்தது ஐயா, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து, ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலையில் ரோந்து போன காவலர் சார்லி ஹேங்கர் ஒரு பழைய மஞ்சள் மெர்குரி காரை நிறுத்தினார். பின்னால் நம்பர் பிளேட் இல்லை, அவ்வளவுதான் காரணம். இறங்கி வந்தவனின் சட்டைக்கு மேலே போட்டிருந்த ஜாக்கெட் ஒரு பக்கம் புடைத்திருந்தது. உள்ளே துப்பாக்கி. பெரி என்ற சின்ன ஊரின் லாக்கப்பில் அடைத்தார்கள். அவன்தான் திமோத்தி மெக்வே. குண்டு வைத்தவன் இவன்தான் என்று அப்போது அந்தக் காவலருக்கே தெரியாது.

இன்னொரு பக்கம், சிதறிக் கிடந்த லாரியின் பின் அச்சில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே புலனாய்வாளர்கள் கான்சாஸ் மாநிலத்தில் லாரி வாடகைக்குப் போன கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து ஒரு படம் வரைந்தார்கள். பக்கத்து விடுதியில் அந்தப் படத்தைக் காட்டினால், அங்கே அவன் சொந்தப் பெயரிலேயே தங்கியிருக்கிறான்! பெயர் கிடைத்ததும் தேடினார்கள். ஆள் ஏற்கெனவே பெரி ஊர் லாக்கப்பில். எல்லாம் இரண்டே நாளில். போக்குவரத்து விதி, வாடகை ரசீது, விடுதிப் பதிவு. இதில் எங்கே வந்தது சிறப்புச் சட்டம்?

அந்த இரண்டு நாளில் சந்தேகத்தை மட்டும் நம்பியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜோர்டானில் பிறந்த ஓர் அமெரிக்கக் குடிமகனை லண்டனில் மடக்கி, திருப்பி அனுப்பி விசாரித்தார்கள். அந்த மனிதருக்கும் குண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நீதிமன்றமும் அவசரப்படவில்லை. உள்ளூரில் நியாயமான விசாரணை கிடைக்காது என்று நீதிபதி ரிச்சர்ட் மாட்ச் வழக்கை டென்வருக்கு மாற்றினார். குற்றவாளிக்கு அரசுச் செலவிலேயே வக்கீல் வைத்தார்கள். 1997 ஜூனில் ஜூரி 'குற்றவாளி' என்றது. பிறகு 2001 மே மாதம், மரண தண்டனை நிறைவேற ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், மெக்வேயின் வக்கீல்களுக்குக் கொடுக்க வேண்டிய ஆயிரக்கணக்கான பக்கங்களை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கொடுக்காமல் விட்டது தெரிந்தது. அரசே தண்டனையைத் தள்ளிப்போட்டது. 168 பேரைக் கொன்றவனுக்கும் அந்தக் காகிதங்களைப் பார்க்க உரிமை உண்டு என்று நின்றார்களே, எனக்கு அந்த இடத்தில்தான் அந்த நாட்டின் மீது மரியாதை வருகிறது.

இனி எதிரணி விரும்பும் வழி. 1974 இங்கிலாந்து. அக்டோபரில் கில்ட்ஃபோர்ட் மதுக்கடைகளில் குண்டு, ஐந்து பேர் பலி. நவம்பர் 21இல் பர்மிங்ஹாமில் 21 பேர் பலி. நாடே கொதித்தது. எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. குற்றச்சாட்டே இல்லாமல் ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம். கில்ட்ஃபோர்ட் வழக்கில் நான்கு பேர் அந்தக் காவலில்தான் 'ஒப்புக்கொண்டார்கள்'. வேறு சாட்சியம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆயுள் தண்டனை. பின்னால், பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் அமைப்பான ஐ.ஆர்.ஏ.வின் ஒரு குழு, "அதைச் செய்தது நாங்கள்" என்றே சொன்னது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விசாரணைக் குறிப்புகளில் போலீஸ் கைவைத்திருந்தது வெளிப்பட்டு, 1989இல் அந்த நால்வரையும் விடுவித்தார்கள். பதினைந்து வருடம்! குறிப்புகளை எழுதிய அதிகாரிகள் மூவர் மீது வழக்கு நடந்து, 1993இல் அவர்களும் விடுதலையாகிவிட்டார்கள்.

"வெடித்த பிறகு பிடிப்பது பெரிதில்லை, வெடிக்காமல் தடுக்கத்தான் சிறப்புச் சட்டம்" என்றார் எதிரணியின் அம்மையார். அந்தச் சட்டம் கிட்டத்தட்ட பத்து வருடம் அமலில் இருந்த பிறகுதான், 1984 அக்டோபரில், பிரதமர் தாட்சர் தங்கியிருந்த பிரைட்டன் விடுதியிலேயே குண்டு வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அம்மையார் சொன்ன தடுப்பு எங்கே போனது?

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மெக்வே வழக்கில், அந்தக் கார் நின்ற இடத்திலிருந்து ஜூரி தீர்ப்புச் சொன்ன இடம் வரை, சாதாரணச் சட்டம் எந்த இடத்தில் கைவிட்டது? அந்த இடத்தை அவர் காட்டட்டும், பிறகு பேசலாம். நன்றி, வணக்கம்.